செந்தாமரையின் மஞ்சள் கட்டங்கள்

செந்தாமரை ஒரு பல்கலைக்கழகத்தையே துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு கம்பெனி பஸ் ஏறியவள். கட்டடம், மணிக்கூண்டு, புல்வெளி, எல்லாம் சேர்த்துத்தான். சரி, முகத்தைச் சுளிக்க வேண்டாம், ஊதிச் சொன்னதுதான். மணிக்கூண்டைக் கழித்துவிடலாம். புல்வெளியில் ஆடு மேயட்டும், அதையும் கழித்துவிடலாம். இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவ். ஓர் ஊரின் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதற்குள் இருந்தது. அதில் மட்டும் ஒரு பொட்டும் கழிக்க முடியாது.

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி வல்லக்கோட்டை போகிற வழியில், கம்பெனி மதில்களுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிற ஊர் அவளுடையது. ஊர் நடுவில் மகளிர் குழுக் கட்டடம் ஒன்று உண்டு. அதைப் பெருக்குகிறவள் அவளுடைய அம்மா பாப்பம்மாள். சாவியும் பாப்பம்மாள் இடுப்பில்தான். அந்தச் சாவியின் தயவில் ஞாயிறு காலையில் அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. நான்கு கம்ப்யூட்டர்கள், நான்கும் குன்றத்தூர் ரோட்டுக் காயலான் கடையிலிருந்து வந்தவை. கம்பெனிக்காரர்கள் பழைய மெஷினைத் தூக்கிப் போடும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டுதான் போடுவார்கள். ரகசியம் வெளியே போய்விடுமாம். ஆகவே வந்து சேர்ந்தவை எல்லாம் மண்டை காலியான உடம்புகள். செந்தாமரை பென் டிரைவை முதல் மெஷினில் செருகுவாள். அதிலிருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் முழுசாக உள்ளே ஏறி, மெஷின் கண்விழித்ததும் பிடுங்கி, அடுத்ததில் செருகுவாள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் எழும். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் செய்ததை எல்லாம் அதே பென் டிரைவில் சேமித்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அணைத்ததும் மெஷின்கள் மறுபடி காலி மண்டையாகிவிடும்.

அதில் இருந்த எதற்கும் அவள் காசு கொடுக்கவில்லை. திருடவும் இல்லை. அது அவளுக்குக் கிடைத்தது தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபோது. அந்தக் கல்லூரியில் லேப் என்பது பெரும்பாலும் பூட்டின கதவு. புரோகிராமைத் தாளில் எழுதி, தாளிலேயே ஓட்டி, விடையையும் தாளிலேயே கண்டுபிடிப்பார்கள். தாளில் ஓடிய புரோகிராம் ஒருநாளும் தப்பாக ஓடியதில்லை, அது ஒரு சௌகரியம். கடைசி வருடம் ஒரு சனிக்கிழமை, தோளில் பை மாட்டிய நாலைந்து இளைஞர்கள் வந்து லேப்பைத் திறக்கச்சொல்லி, மெஷின்களில் எதை எதையோ ஏற்றினார்கள். "இதைக் காப்பி எடுக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், உள்ளே பிரிச்சுப் பாக்கலாம், பிடிக்கலேன்னா மாத்தியும் எழுதலாம்" என்றான் ஒருவன்.

"யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றாள் செந்தாமரை.

"நீங்க அடுத்தவங்களுக்குக் குடுக்கலேன்னா நாங்க கேப்போம்."

பேர் என்ன என்று அவள் கேட்டதற்கு, "எனக்குக் குடுத்தவரும் பேர் சொல்லல" என்று சிரித்துவிட்டு ஒரு பென் டிரைவை நீட்டினான். அவன் முகம் அவளுக்கு இன்றைக்கு நினைவில்லை. அந்தப் பென் டிரைவும் தேய்ந்து, வேறு வாங்கி, அதுவும் தேய்ந்து, மூன்றாம் தலைமுறையோ நான்காம் தலைமுறையோ நடந்துகொண்டிருந்தது.

படித்து முடித்ததும் அனகாபுத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த டிசம்பரில் ஆற்று வெள்ளம் கடைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. சேறு பூசிய மெஷின்களைச் செந்தாமரை பிரித்துக் கழுவி, மொட்டைமாடியில் வடகம் பிழிந்ததுபோல் வரிசையாகக் காயவைத்தாள். காக்காய் வந்து ஒரு சிப்பைக் கொத்திக்கொண்டு போனது என்று ஊரில் ஒரு கதை உண்டு. காக்காய் வந்தது உண்மை, கொத்திக்கொண்டு போனது சந்தேகம். இரண்டு மெஷின்கள் பிழைத்தன. முதலாளிக்குத்தான் மனசு பிழைக்கவில்லை, கடையை மூடிவிட்டார். அதன்பிறகு செந்தாமரை ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஏறுகிற பஸ்ஸிலேயே ஏறினாள். கார்களுக்குள் ஓடுகிற வயர்களைப் பலகையில் அடுக்கிக் கட்டுகிற கம்பெனி. காண்ட்ராக்ட் ஆள். வருடங்கள் போனாலும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

"பி.எஸ்சி. படிச்சிட்டு வயர் கட்றா. சம்பளம் வர்ற எடத்துல கம்ப்யூட்டர் இல்ல, கம்ப்யூட்டர் இருக்கிற எடத்துல சம்பளம் இல்ல" என்று பாப்பம்மாள் குழாயடியில் சொல்வாள். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமலே கட்டடத்தை இரண்டு தடவை பெருக்குவாள்.

லைனில் கற்றதைச் செந்தாமரை வகுப்புக்கும் கொண்டுவந்தாள். கம்பெனியில் எதற்கும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயிண்ட் கோடு உண்டு; துடைப்பத்துக்குக்கூட ஒரு கட்டம். அதேபோல அவள் கட்டட வாசலில் பிள்ளைகளின் செருப்புகளுக்கு மஞ்சள் கட்டங்கள் வரைந்தாள். ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம், உள்ளே பெயர். செருப்பைக் கழற்றித் தன் கட்டத்தில் வைத்தபின்தான் உள்ளே வரவேண்டும். தூசி மெஷினுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். எந்தக் கட்டம் காலி என்று பார்த்தாலே யார் வரவில்லை என்று தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் எங்கே போனாலும் செருப்பை ஜோடி சேர்த்து நேராக விடுவார்கள் என்று ஊரில் பெயராயிற்று. கல்யாண வீட்டில்கூட.

ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருளில்தான் பாடம் தொடங்கும். திரையில் ஒரு மஞ்சள் பூனை நிற்கும். வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டினால், மாட்டிய வரிசைப்படி பூனை நடக்கும், திரும்பும், பேசும். வரிசை தப்பினால் சுவரில் போய் முட்டும். வயர் வரிசையும் அதேதான் என்பதால் தாய் தகப்பன்மார்களுக்கும் அது உடனே புரிந்தது.

பிள்ளைகளில் சூட்டிகை சுபஸ்ரீ. ஆறாம் வகுப்பு. அவளுடைய அப்பா கன்னியப்பன், செந்தாமரை வேலை செய்த அதே கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. நிலம் கம்பெனிகளுக்குப் போனபிறகு வந்த வேலை, அவரும் காண்ட்ராக்ட்தான். சுபஸ்ரீ பூனையைத் தூக்கிவிட்டுத் தன் அப்பாவை வரைந்து வைத்தாள். நீலச் சட்டை, தொப்பி, கேட். பஸ் வரும், அப்பா கையை நெற்றிக்குத் தூக்கி சல்யூட் வைப்பார், பஸ் உள்ளே போகும். அருமையாக இருந்தது, ஒரு குறை தவிர. தூக்கிய கை இறங்கவில்லை. பஸ் போனபிறகும் கன்னியப்பன் வெறும் ரோட்டுக்கு சல்யூட் வைத்துக்கொண்டே நின்றார்.

"மிஸ், எங்கப்பாக்குக் கை வலிக்கும் மிஸ்."

"கையத் தூக்கச் சொன்ன. எறக்கச் சொன்னியா?"

சுபஸ்ரீ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னாதான் அது செய்யும். நீயா கண்டுபுடி. அடுத்த வாரம் எறக்கிடலாம்."

அடுத்த வாரங்கள்தான் செந்தாமரைக்குக் கவலை. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஞாயிறு சொந்தமில்லை. ஓ.டி. என்று சொன்னால் போகவேண்டும், போகாவிட்டால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போடுவார். அப்படிப் போன ஞாயிறுகளில் பிள்ளைகள் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கல்லூரி லேப் கதவு அவளுக்கு ஞாபகம் வரும். பெர்மனென்ட் ஆகிவிட்டால் ஞாயிறு லீவு. பொங்கலுக்குப் பிறகு ஒரு சிலரைப் பெர்மனென்ட் செய்யப்போவதாகப் பேச்சு அடிபட்டது. லிஸ்டில் தன் பெயர் வந்துவிட்டால் வகுப்புக்கு இனி பூட்டு விழாது என்று அவள் நம்பினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கம்பெனியில் கைசன் என்று ஒன்று உண்டு. வேலையைச் சுலபமாக்க யாருக்காவது யோசனை தோன்றினால் எழுதிப் பெட்டியில் போடலாம். நல்ல யோசனைக்கு ஒரு பரிசு, கூடவே பெயரும் மேலே போகும். செந்தாமரை முன்பே ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு வாங்கியிருக்கிறாள். பாப்பம்மாள் அதில் இட்லி வைப்பதில்லை, ராத்திரி இடுப்பிலிருந்து அவிழ்த்த சாவியை வைப்பாள். இந்த முறை செந்தாமரை போட்ட யோசனை: புதிதாக வருகிற பெண்கள் வயர் வரிசையைத் தப்பாக அடுக்கிப் பலகையையே பாழாக்குகிறார்கள், பலகையைத் தொடுமுன் ஸ்கிராட்சில் ஒரு விளையாட்டுப்போல அடுக்கிப் பழகட்டும். செலவே இல்லை.

கேன்டீன் வரிசையில் லைன் சூப்பர்வைசர் புருஷோத்தமன் தட்டோடு வந்து நின்றார். "இன்னா செந்தாமரை, பூனைய வெச்சு ட்ரெயினிங்கா? நல்லாத்தான்மா கீது. நாளைக்கு எடுத்துனு வா, ட்ரெயினிங் ரூம்ல போட்டுப் பாத்துடலாம். லிஸ்ட் போற டைம்."

மறுநாள் காலை ஷிஃப்ட். பஸ்கள் வரிசையாக வந்து பெண்களைக் கொட்டின. கேட்டில் போனை நீட்டினால் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். பையைத் திறந்து காட்டவேண்டும். மேசைக்குப் பின்னால் கன்னியப்பன் நின்றார். செந்தாமரை பென் டிரைவைத் தானே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இது புருஷோத்தமன் சார் எடுத்துனு வரச் சொன்னது. எழுதிக்குங்க."

கன்னியப்பன் குரலை இறக்கினார். "டீச்சரம்மா, இன்னா வேல பண்ற நீ? எடுத்து உள்ள போடு. நான் பாக்கல."

"ஏன்ணே?"

"இந்தக் கேட்டாண்ட பென் டிரைவ் வந்தா திருட்டுன்னுதான் அர்த்தம். கைக்குட்டையில சுத்திக்கோ. போ, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"திருட்டுச் சாமானா இருந்தா சுத்திக்கலாம். இது ஊருக்கே குடுக்கிற சாமான்ணே. இத்த மறச்சு எடுத்துனு போய்ட்டு, ஞாயித்துக்கெழம உங்க பொண்ணு மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

இதைச் சொன்னபோது செந்தாமரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மறைக்க வேண்டாத பொருள் என்று ஒரு பொருளை இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அதை மறைக்கக் கை வரவில்லை. கன்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி ஆபீசர் வந்து நின்றிருந்தார்.

எச்.ஆர். அறையில் ஏ.சி. அதிகம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை, அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார்.

"இதுல இருக்கிற சாஃப்ட்வேர்லாம் எங்க வாங்குனது?"

"வாங்கல சார். சும்மா கிடைக்குது."

"சும்மான்னா? லைசன்ஸ் இருக்கா?"

"உள்ளயே இருக்கு சார். யாருக்கு வேணும்னாலும் காப்பி எடுத்துக் குடுக்கலாம்னு எழுதியிருக்கு."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "உலகத்துல எவன்மா சும்மா குடுப்பான்?"

செந்தாமரைக்குப் பதில் தெரியும். தோளில் பை மாட்டிய பையனைப் பற்றிச் சொல்லலாம். அவன் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வரும். பெயர் தெரியாத ஒருவன், விலை இல்லாத ஒரு பொருளை, காரணம் இல்லாமல் கொடுத்தான் என்று அந்த அறையில் சொன்னால் அதுவே குற்ற ஒப்புதல்போல இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது.

புருஷோத்தமனைக் கூப்பிட்டார்கள். "ஐடியா நல்லாருக்குன்னு சொன்னேன் சார். எடுத்துனு வான்னு சொன்ன ஞாபகம் இல்ல" என்றார் அவர். சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வார போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

கடைசியில் கன்னியப்பன் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"நானேதான் சார் மேசைமேல எடுத்து வெச்சேன். அண்ணன கேளுங்க" என்றாள் செந்தாமரை.

"நீ சொல்லுப்பா. அவங்களா குடுத்தாங்களா, நீ புடிச்சியா?"

அவளாகக் கொடுத்தாள் என்றால், உள்ளே போட்டுக்கொள் என்று இவர் சொன்னதும் வெளியே வரும். செக்யூரிட்டி ஆபீசர் பக்கத்திலேயே நின்றார். கன்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"செக்கிங்ல வந்துச்சு சார்."

செந்தாமரை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுல பசங்க செஞ்சது இருக்கு சார். ஒரு பொண்ணு அரகொறையா வுட்டு வெச்சிருக்கா. அந்த ஒன்ன மட்டும் காப்பி எடுத்துக்கட்டுமா?"

"எவிடன்ஸ்மா அது."

எந்தப் பெண் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்த ஒருவர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். அன்றைக்கே காண்ட்ராக்டரின் ஆள் வந்து அவளுடைய அடையாள அட்டையையும் யூனிஃபார்ம் கோட்டையும் வாங்கிக்கொண்டான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றான்.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வேலைக்கு வேறு கேட் உண்டு. அந்த வாரக் கூட்டத்தில் கம்பெனி கன்னியப்பனை மேடைக்குக் கூப்பிட்டு, விழிப்பான காவலர் என்று கைதட்டி, ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தது. படம் எடுத்தார்கள். படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. எதைப் பிடித்தார், யாரைப் பிடித்தார் என்று ஊருக்குச் சொல்லவேண்டியதே இல்லை. ஒரே பஸ்ஸில் போகிற ஊர்.

குழாயடியில் மீனம்மாள் குடத்தை நகர்த்திவிட்டுக் கேட்டாள். "இன்னா பாப்பம்மா, உன் பொண்ணு கம்பெனிலேர்ந்து இன்னாத்தயோ எடுத்துட்டாளாமே?"

"எடுத்துனு வரல. இவதான் எடுத்துனு போனா, அவங்களுக்குக் காட்ட."

"அதான் நானும் கேக்குறேன். இன்னாத்தயோ எடுத்தா இல்ல?"

பாப்பம்மாள் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் முளைத்தது. ஒருவனுக்குப் பரீட்சை, ஒருத்திக்குத் தலைவலி. சும்மா சொல்லித்தருகிறாளே என்று வியந்த வாய்களே, சும்மா ஏன் சொல்லித்தருகிறாள் என்று கேட்டன.

செந்தாமரை அந்த வாரம் அழவில்லை. பென் டிரைவ் போனால் போகட்டும். மறுபடி இறக்கிக்கொள்ளலாம், அதுதானே அதன் பெருமை. புதிதாக ஒன்று வாங்கி, குன்றத்தூரில் ஒரு கடையில் உட்கார்ந்து லினக்ஸ், ஸ்கிராட்ச், எல்லாவற்றையும் பழையபடி ஏற்றினாள். திரும்ப இறக்க முடியாதது சுபஸ்ரீயின் சல்யூட் மட்டும்தான். பரவாயில்லை, அவள் வந்தால் கூட உட்கார்ந்து முதலிலிருந்து வரைந்துவிடலாம், இந்த முறை கையை இறக்கவும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை பாப்பம்மாள் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே பெருக்கி, வாசலைப் பெருக்கப் போனாள். செந்தாமரை ஒவ்வொரு மெஷினாக எழுப்பினாள். நான்கு திரைகளிலும் நான்கு மஞ்சள் பூனைகள் வந்து நின்றன. அவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் வரமாட்டார்கள் என்று ஒரு பயம், சின்னப் பிள்ளைகளுக்கு இருக்குமே, அதுபோல. வெளியே துடைப்பம் சிமென்ட் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது, நடுவில் கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி கேட்டது. வெயில் ஜன்னலைத் தாண்டி மேசைக்கு வந்தது. பூனைகள் யாராவது கட்டை மாட்டுவார்களா என்று நின்றுகொண்டே இருந்தன. அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. மஞ்சள் கட்டங்கள் முழுக்கக் காலி. செந்தாமரை நான்கையும் அணைத்துவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பு நடக்கவில்லை.

இப்போது அவள் குன்றத்தூர் பக்கம் ஒரு குடோனில் பார்சல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அங்கே ஞாயிறு லீவு. குழுக் கட்டடத்தில் தையல் மெஷின்கள் வந்துவிட்டன. கம்ப்யூட்டர்கள் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. கன்னியப்பன் ஊரை விட்டுத் தண்டலம் பக்கம் குடிபோய்விட்டார். அந்த ஃபிளாஸ்க்கை அவர் ஒருநாளும் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை என்பார்கள். அதை யார் வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை, அதனால் அதையும் மணிக்கூண்டோடு சேர்த்துக் கழித்துவிடலாம்.

இவ்வளவையும் நான் எழுதிக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியபோது செந்தாமரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதையும் மறுக்கவில்லை. பாப்பம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டவள், முடிந்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"எல்லாம் சரி. ஒருத்தரும் வரலன்னு எழுதிக்கிறியே, அது தப்பு."

செந்தாமரை நிமிர்ந்தாள். "யாரும்மா வந்தா?"

"நீ அந்தாண்ட திரும்பிகினு குந்தியிருந்த. நான் வாசல்ல தொடப்பத்தோட நிக்கிறேன். கன்னியப்பனும் பொண்ணும் வந்தாங்க. அவன் ரோட்டாண்டயே நின்னுட்டான். அது கைய உதறிகினு ஓடியாந்து, செருப்பக் கழட்டி, அது பேரு போட்ட கட்டத்துல நேரா வெச்சிது. அவன் பின்னாலயே வந்து என் மூஞ்சியக்கூடப் பாக்கல. குந்திகினு, ரெண்டு செருப்பையும் எடுத்து, திரும்ப அதுங் காலுல மாட்டி வுட்டு, இட்டுனு போய்ட்டான்."